ஞானம்மாளின் நல்ல மரணத்துக்காக

ஆஸ்பத்திரி நடையில் எங்களைக் கடக்கும்போது மட்டும் எல்லோரும் குரலைத் தாழ்த்தினார்கள். எனக்கு முதலில் ஆத்திரம் மூட்டியது அதுதான். கால் ஒடிந்தவனின் சொந்தக்காரர்கள் சத்தமாகவே பேசினார்கள். பிள்ளை பெற்றவளின் அம்மா சிரித்துக்கொண்டே வெந்நீர் கேட்டாள். கோடி அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்தால் மட்டும் நர்சுகள்கூட மெதுவாக நடந்தார்கள்.

அந்தப் பெஞ்சில் என் மனைவி ஞானம்மாள் தன் முறைக்காகக் காத்திருந்தாள். கோடி அறையில்தான் கரண்ட் வைப்பார்கள் (எக்ஸ்ரே கதிரை ஆழமாகப் பாய்ச்சிப் புற்றின் மிச்சத்தை அழிப்பது; ஊரில் எல்லோரும் அதைக் கரண்ட் வைப்பது என்றுதான் சொன்னோம்). அவளுடைய வலது கை விரல்கள் மடியில் ஏதோ ஒரு பாட்டை வாசித்துக்கொண்டிருந்தன. இடது கை ஒரு சின்னத் தலையணையின் மேல் கிடந்தது.

புற்றுநோய் வந்த வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். தைரியம் சொல்வதற்காக அல்ல. எனக்குத் தைரியம் சொல்ல வந்தவர்கள் மேல் இன்றுவரை எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. சர்வேசுரன் சோதிக்கிறார், தாங்குகிறவர்களுக்குத்தான் கொடுக்கிறார் என்றெல்லாம் சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். உங்களுக்குக் கோபம் வந்தால் அது உங்கள் குறையில்லை என்று எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை. அதை நான் சொல்கிறேன்.

நாங்கள் ஸ்ரீரங்கத்தில், ரயில் நிலையத்தை ஒட்டிய தெருவில் வாடகைக்கு இருந்தோம். எனக்குச் சரக்கு ஆபீஸில் குமாஸ்தா வேலை. பிள்ளைகள் இல்லை. எங்கள் பங்குக் கோயில் ஆற்றுக்கு அந்தப் பக்கம், திருச்சியில். ஞானம் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கே பூசைக்கு ஹார்மோனியம் வாசித்தவள். கோயிலின் கால் ஹார்மோனியத்தை (காலால் மிதித்துக் காற்றடிப்பது) கறையான் தின்றுவிட்டது. புதிது வாங்கப்போவதாகப் பங்குச் சாமியார் வருடம் தவறாமல் பிரசங்கத்தில் சொல்வார். அதுவரைக்கும் என்று ஞானம் தன்னுடைய கை ஹார்மோனியப் பெட்டியைக் கொண்டுபோய் வாசித்தாள். அந்த ‘அதுவரைக்கும்’ முடியவே இல்லை.

எனக்குச் சங்கீதம் சுத்தமாக வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவதும், கோயிலின் பின்பக்கம் பாடகர்கள் நிற்கும் மச்சுக்கு அதை ஏற்றி இறக்குவதும்தான் என் ஊழியம்.

கட்டியை அவள் குளிக்கும்போது கண்டாள். இடது மார்பில், புளியங்கொட்டை அளவு. வலிக்கவில்லை. வலிக்காததால் பயமில்லை என்று நினைத்தாள். வலிக்காத கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று பின்னால் டாக்டர் சொன்னார். இதைப் படிக்கும் பெண்கள் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மாதா திருநாள் முடியட்டும், பிள்ளைகளுக்குப் பாட்டுப் பழக்கி முடியட்டும் என்று ஞானம் தள்ளிப்போட்டாள். சொன்னதும் என்னிடம் அல்ல, அவள் அக்கா அருளாயியிடம். அக்கா கோயில் தெருவிலேயே குடியிருந்த விதவை. மாதா சுரூபத்தின் முன் எரிந்த விளக்கெண்ணெயைத் தடவச் சொன்னாள். தடவினார்கள். கட்டி எலுமிச்சங்காய் அளவு ஆன பிறகு எனக்குச் செய்தி வந்தது.

நான் கத்தினேன். அக்காவிடம் கத்தினேன், ஞானத்திடம் கத்தினேன், எண்ணெயைத் தூக்கிச் சாக்கடையில் ஊற்றினேன். ஞானம் புடவை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

சதைப் பரிசோதனை செய்தார்கள் (கட்டியில் ஒரு துண்டை வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது). முடிவு வந்த அன்று டாக்டர் என்னை மட்டும் அறைக்குள் கூப்பிட்டார். ஞானம் வெளியே நின்றாள்.

“சார், இது கேன்சர்தான். மார்பை முழுசா எடுத்துடணும். அக்குள்ல இருக்கிற நெறிக்கட்டியையும் எடுக்கணும். அவங்ககிட்ட பேரைச் சொல்லாதீங்க. பொம்பளைங்க தாங்க மாட்டாங்க. சாதாரணக் கட்டின்னு சொல்லிடுங்க” என்றார்.

“சாதாரணக் கட்டிக்கு எதுக்கு மார்பையே எடுத்தீங்கன்னு கேட்டா?”

“அதெல்லாம் கேக்க மாட்டாங்க சார்.”

இவருக்கு ஞானத்தைத் தெரியாது. அவள் உடம்பை அவளிடம் சொல்லாமல் என்னிடம் சொல்கிறார், நானும் தலையை ஆட்டிவிட்டு வர வேண்டுமாம். வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து, ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளிடம் சொன்னேன். புற்று என்ற சொல்லையே சொன்னேன். பக்கத்தில் சமயபுரத்துக்குப் போகிற கூட்டம் மஞ்சள் புடவையும் வேப்பிலையுமாக நின்றது.

“தெரியும்” என்றாள்.

“யாரு சொன்னா?”

“நீங்கதான். காலையிலேருந்து என்னைய ஒரு தடவகூடத் திட்டல. பஸ் லேட்டு, அதுக்கும் திட்டல. அப்பவே தெரிஞ்சுபோச்சு.”

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு, பாலம் முடியும்வரை ஆற்றைப் பார்த்தபடி வந்தாள். நான் அழுதேன். கண்டக்டர் டிக்கெட் கேட்காமல் எங்களைத் தாண்டிப் போனார். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது. கூப்பிட்டு டிக்கெட் வாங்கினேன்.

ஐப்பசியில் ஆபரேஷன் நடந்தது. மார்பு இருந்த இடத்தில் அக்குள்வரை நீண்ட தையல். ஒரு மாதத்தில் புண் ஆறியது, ஆனால் இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. பிறகு அது வீங்க ஆரம்பித்தது (அக்குளில் நெறிகளை எடுத்துவிட்டால் கையில் நீர் இறங்க வழியில்லாமல் தேங்கும், இது நோய் திரும்பியதற்கு அடையாளம் அல்ல, பயப்பட வேண்டாம்). கல்யாண மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றி என் கழுத்து உத்தரியக் கயிற்றில் கோர்த்துக்கொண்டேன்.

அதன் பின்தான் கரண்ட். தோலில் ஊதா மையால் கோடு போட்டு, கதிர் விழ வேண்டிய இடத்தைக் குறித்தார்கள். அந்தக் கோடு அழியாதிருக்க அங்கே தண்ணீர் படக்கூடாது. ஞாயிறு தவிர தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் போய்த் திரும்பினோம். கரண்ட் வைக்கும்போது ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகு வாந்தி. கொஞ்ச நாளில் தோல் கறுத்து, உரிந்து, ரவிக்கை பட்டாலே எரிந்தது. சோற்று வாசனையே ஆகாது என்று மோர் மட்டும் குடித்தாள்.

கிறிஸ்துமஸ் நெருங்கியதும் பாட்டுக் குழுவிலிருந்து இருவர் சாத்துக்குடிப் பையுடன் வந்தார்கள்.

“இந்த வருசம் நீங்க ரெஸ்ட் எடுங்கக்கா. காலேஜ்ல ஒரு தம்பி இருக்காப்ல, நல்லா வாசிப்பாப்ல. பெட்டியை மட்டும் குடுத்தீங்கன்னா...”

ஞானம் சரியென்றாள். பெட்டியை ஞாயிற்றுக்கிழமை கொடுத்தனுப்புவதாகவும் சொன்னாள். அவர்கள் போன பிறகு சாத்துக்குடியை ஒவ்வொன்றாக எடுத்து, “இது புளிக்கும், இது புளிக்கும்” என்று திரும்பப் பைக்குள் போட்டாள். ஒன்றைக்கூட உரிக்கவில்லை.

அவளைத் திரும்பப் பெட்டியைத் திறக்க வைத்தது பக்கத்து வீட்டு மாமி. ரங்கநாதர் கோயில் மடப்பள்ளியில் வேலை பார்த்தவரின் மனைவி. எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காதவர். கார்த்திகை தீபத்தன்று சுவரோரம் அகல் வைக்க வந்தவர் ஜன்னல் வழியாகக் கேட்டார்.

“ஏண்டிம்மா, பொட்டிச் சத்தமே காணோமே? தீபம் வந்தா உங்காத்துல அந்தக் கொழந்தை பொறந்த பாட்டெல்லாம் ஆரம்பிச்சுடுவியே. எனக்கு அது கேக்காம நாளே நகர மாட்டேங்கறது.”

“கை வரல மாமி.”

“வலது கை நன்னாத்தானே இருக்கு?”

நலம் விசாரிக்க வந்த யாரும் அப்படிக் கேட்டதில்லை. எல்லோரும் இல்லாத மார்பையும் வீங்கிய கையையும் பார்த்தார்கள். மாமி மிச்சமிருந்த கையைப் பார்த்தார்.

மாமி போனதும் ஞானம் பெட்டியைத் திறந்தாள். வலது கையைக் கட்டைகளின் மேல் வைத்தாள். இடது கையைத் துருத்திக்குக் கொண்டுபோக முயன்றாள் (ஹார்மோனியத்தின் பின்பக்கம் காற்றடிக்கும் மடிப்பு, ஒரு கை அதை ஓயாமல் அசைத்தால்தான் மறு கை வாசிக்க முடியும்). பாதி தூரம் போய் நின்றுவிட்டது. திரும்ப முயன்றாள். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. பிறகு ஒன்று செய்தாள்: அந்தக் கையையே வலது கையால் ஓங்கி அடித்தாள். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

“விடுங்க. என் கைதானே?”

“அடிச்சா சரியாயிடுமா?”

“அப்ப நீங்க வந்து அமுக்குங்க.”

சும்மா ஆத்திரத்தில் சொன்னாள். நான் எதிர்ப்பக்கம் போய் நின்று துருத்தியைப் பிடித்தேன்.

என்ன ஓர் அலங்கோலம்! முதல் நாள் பெட்டி ஆடு அறுபடுகிற மாதிரிக் கத்தியது. நான் அமுக்கும்போது அவள் கட்டையை விட்டுவிடுவாள். அவள் வாசிக்கும்போது என்னிடம் காற்று தீர்ந்திருக்கும். எனக்கு யார் மேலாவது கோபம் ஞாபகம் வந்தால் கை தானாக ஓங்கி அமுக்கும்; பாட்டு அந்த இடத்தில் அலறும்.

“யாரு, டாக்டரா?” என்பாள்.

“இல்ல, ஒங்க அக்கா.”

“அக்காவ மெதுவா அமுக்குங்க. இது தாலாட்டுப் பாட்டு.”

அவள் மூச்சைப் பார்க்கச் சொன்னாள். அவள் மூச்சு இழுத்தால் நான் விட வேண்டும், அவள் விட்டால் நான் அமுக்க வேண்டும். எதிரே நின்றதால் அவள் கழுத்துக் குழி ஏறி இறங்குவது தெரிந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் அவள் மூச்சைக் கவனித்ததில்லை. ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது, பெஞ்சைத் தேய்ப்பதுதான். இங்கே ஒரு வேலை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைக் கொடுத்தனுப்பவில்லை. நாங்களே எடுத்துக்கொண்டு போனோம். காலேஜ் தம்பி நல்ல பையன். எழுந்து இடம் கொடுத்துவிட்டு, பாடகர்களோடு போய் நின்றுகொண்டான். ஆகமன காலத்தின் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள்) இரண்டாம் ஞாயிறு அது. முதல் பாட்டு ஒருமாதிரி நன்றாகவே போயிற்று. மச்சில் எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

சுவிசேஷம் முடிந்ததும் சாமியாருக்கு உதவியாளரான உபதேசியார் வழக்கம்போல அறிக்கைகளை வாசித்தார். முதலில் கல்யாண ஓலை (நடக்கவிருக்கும் கல்யாணங்களின் அறிவிப்பு), அப்புறம் இறந்தவர்கள் பெயர், அப்புறம் நோயாளிகள். கடைசியாக அவஸ்தையில் இருப்பவர்கள் (மரணத் தறுவாயில் இருப்பவர்கள், அவர்களுக்கு நல்ல மரணம் கிடைக்க எல்லோரும் ஒரு பரலோக மந்திரம் சொல்வது வழக்கம்; இப்படிச் செபிக்கச் சொல்லிப் பெயர் கொடுப்பதைக் கருத்துக் கொடுப்பது என்போம்).

“ஸ்ரீரங்கம் ஞானம்மாளுக்கு நல்ல மரணம் கிடைக்கும்படியாக...”

கீழே தலைகள் திரும்பின. ஒவ்வொன்றாக, மச்சை நோக்கி. ஞானம் ஹார்மோனியத்துக்குப் பின்னால் உட்கார்ந்து அவர்களைப் பார்த்தாள். கோயில் முழுவதும் அவள் சாவுக்காக முணுமுணுத்துச் செபித்தது. மனப்பாடமாக, அவசரமாக, ஒரு சொல் பிசகாமல்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் என் பக்கம் குனிந்து சொன்னாள்: “நான் இன்னும் இருக்கேனான்னு பாக்குறாங்க. கையக் காட்டட்டா?”

பூசை முடிந்ததும் நான் படிகளில் தடதடவென்று இறங்கினேன். உபதேசியாரின் சட்டையைப் பிடிக்காததுதான் குறை.

“யாரு குடுத்தா இந்தக் கருத்த?”

“ஒங்க வீட்டம்மாவோட அக்காதான். அருளாயியம்மா. கிறிஸ்துமஸ் வரைக்கும் ஒவ்வொரு ஞாயிறும், கிறிஸ்துமஸ் பூசையிலயும் சேத்துப் படிக்கச் சொல்லிக் குடுத்திருக்காங்க.”

“நிறுத்துங்க.”

“குடுத்தவங்க வந்து சொல்லணும் சார். நானா நிறுத்த முடியாது.”

சாமியாரிடம் போனேன். அவர் உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தார். பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமையை உடைத்துப் போடலாம் போலிருந்தது.

“இதுல கோபப்பட என்ன இருக்கு? நல்ல மரணம் எல்லாருக்கும் வேணுமே. எனக்கும் வேணும்” என்றார்.

“அப்ப ஒங்க பேரையும் சேத்துப் படிங்க சாமி. பூசை வைக்கிறப்பவே படிங்க. ஞானத்துக்குத் துணையா இருக்கும்.”

அவர் கழற்றிய உடுப்பை மடித்து வைத்தார். பிறகு வேறொன்றைப் பிடித்துக்கொண்டார். “நீங்க மச்சுல பீடத்துக்கு முதுகு காட்டி நிக்கிறீங்க. பூசை நேரத்துல அது சரியில்ல.”

துருத்தி அந்தப் பக்கம்தான் இருக்கிறது. நான் வேறு எங்கே நிற்பது? அதைச் சொன்னேன். கால் ஹார்மோனியம் என்னவாயிற்று என்றும் கேட்டேன். சாமியாரிடம் யாரும் அப்படிப் பேசாத காலம் அது. கோயில்பிள்ளை மெழுகுவத்தியைக் கையில் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றார்.

மிச்சமிருந்தது அருளாயி அக்கா. அவள் வீட்டு வாசலிலேயே சண்டை போட்டேன். ஞானம் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“உசுரோட இருக்கிறவளுக்கு இதையா குடுப்பீங்க? சுகமாகணும்னு குடுக்க வாய் வரலியா?”

“சுகத்துக்கு வேளாங்கண்ணிக்கு நேந்திருக்கேன் தம்பி. இது வேற” என்றாள் அக்கா. அழவில்லை. “எங்கம்மா அவஸ்தைப்பூசுதல் வாங்காம போனா. கடைசி எண்ணெய் பூச சாமியார் ஆத்தைத் தாண்டி வர்றதுக்குள்ள போயிட்டா. வெள்ளம் அன்னிக்கி. அம்மா எங்க போனாளோன்னு நான் இன்னும் ராத்திரியில நெனைக்கிறேன். இவளும் அப்படிப் போயிரக் கூடாது.”

“சரி. இப்ப போய் நிறுத்தச் சொல்லுங்க.”

“நல்ல மரணம் வேணும்னு கேட்டுட்டு, வேணாம்னு எப்படிப் போய்ச் சொல்றது? அப்ப கெட்ட மரணம் வேணும்னு ஆயிடாதா? மாட்டேன். என் தலைய வெட்டினாலும் மாட்டேன்.”

எங்கள் ஆட்களிடம் இதுதான். அன்பினால்தான் குழி தோண்டுவார்கள். திட்டவும் முடியாது, மன்னிக்கவும் முடியாது. நான் திட்டிவிட்டுத்தான் வந்தேன்.

அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் பெயர் வாசிக்கப்பட்டது. நான் போக வேண்டாமென்றேன். ஞானம் கேட்கவில்லை. “நான் போகலைன்னா செபம் பலிச்சிருச்சுன்னு நெனைப்பாங்க” என்றாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் பெயர் வரும் நேரம் அவள் விரல்கள் கட்டைகளின் மேல் விறைத்தன. மோரும் இறங்கவில்லை. நர்ஸ் எடை பார்த்துவிட்டு, இப்படியே இறங்கினால் கரண்ட்டை நிறுத்திவைக்க நேரிடும் என்றார். கரண்ட்டைத் தாங்கின உடம்பு அந்தப் பெயரைத் தாங்கவில்லை. இதை எந்த டாக்டரிடம் சொல்வது?

ஒரு மாலை பழகிக்கொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்தினாள்.

“நான் நெசமாவே சாகப்போறேனாங்க?”

“தெரியாது” என்றேன். “டாக்டருக்கும் தெரியாது. உபதேசியாருக்கு நிச்சயமாத் தெரியாது.”

“கிறிஸ்துமஸ் அன்னிக்காவது என் பேரப் படிக்காம இருந்தா நல்லாருக்கும். அன்னிக்கி பொறந்த பிள்ளையப் பத்தி மட்டும் பேசுனா என்ன?”

அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்டதில்லை.

அந்த வருடம் வைகுண்ட ஏகாதசியும் கிறிஸ்துமஸை ஒட்டி வந்தது. ஸ்ரீரங்கத்தில் கால் வைக்க இடமில்லை. திருவானைக்காவல் வரைக்கும் பஸ்கள் நின்று நின்று போயின. கிறிஸ்துமஸுக்கு முந்திய நாளும் கரண்ட் வைத்துக்கொண்டு, கூட்டத்தில் நசுங்கி, வாந்தியெடுத்து வீடு வந்தாள். நடுச்சாமப் பூசைக்குப் போகவில்லை. காலையில் பெரிய பூசைக்குப் போனோம். முதலில் அக்கா வீட்டில் இறங்கினோம். அவள் சொல்லி அனுப்பியிருந்தாள்.

அக்கா ஒரு புது ரவிக்கையை எடுத்து நீட்டினாள். பழைய பட்டுப் புடவையைக் கிழித்து அவளே தைத்தது. எரியும் தோலில் படாதபடி உள்ளே மெல்லிய மல் துணி வைத்திருந்தாள். இடது கை மட்டும் வீக்கத்துக்கு ஏற்றபடி அகலமாக வெட்டியிருந்தது. மார்பு இல்லாத பக்கம் பஞ்சை வைத்து மடித்திருந்தாள். ஞானம் அதைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக முந்தானையை இழுத்து மூடாமல் நின்றாள்.

“இன்னிக்கும் படிப்பாங்களாக்கா?” என்று கேட்டாள்.

அக்கா ஊசியை நூல்கண்டில் குத்தினாள். “நான் என்னடி செய்வேன்?” என்றாள்.

கோயில் நிறைந்திருந்தது. மச்சில் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. நான் பீடத்துக்கு முதுகு காட்டி நின்றேன். எதிரே ஞானத்தின் முகம். பிள்ளைகள் நன்றாகப் பாடினார்கள். சுவிசேஷம் முடிந்தது. உபதேசியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கல்யாண ஓலை. இறந்தவர்கள். நோயாளிகள். ஞானம் மூச்சை இழுத்து நிறுத்தினாள்.

“அவஸ்தையில் இருக்கும்...”

“அமுக்குங்க” என்றாள்.

எனக்குப் புரிவதற்குள் கை அமுக்கிவிட்டது. எத்தனை மாதத்துக் கோபம் இருந்ததோ அத்தனையையும் அமுக்கினேன். டாக்டரை, சாமியாரை, அக்காவை, எண்ணெயை, வராத கால் ஹார்மோனியத்தை, போகாத பஸ்ஸை. பூசையின் கடைசியில் பாட வேண்டிய வானதூதர் பாட்டை ஞானம் முழுச் சத்தத்தில் எடுத்தாள். பிள்ளைகள் ஒரு நொடி முழித்தார்கள். பிறகு, அவள் எடுத்தால் பாடியே பழகியவர்கள் ஆதலால், பாடினார்கள். பாட்டுக் கேட்டதும் கீழே ஜனங்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அந்தப் பாட்டுக்கு எழுந்து நிற்பதுதான் எங்கள் பங்கில் வழக்கம். எழுந்தவர்கள் பாடவும் ஆரம்பித்தார்கள்.

நான் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். உபதேசியாரின் வாய் அசைந்தது, நின்றது, மூடியது. பெயர் யாருக்கும் கேட்கவில்லை. முன்வரிசையில் அருளாயி அக்கா, மச்சைப் பார்த்துக்கூடத் திரும்பாமல், எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் போய் நிறுத்தவில்லை. பாட்டு அந்தப் பெயரை அடித்துக்கொண்டு போனதற்கு அவள் பொறுப்பில்லையே.

பாட்டு முடியும்வரை சாமியார் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு பிரசங்கம் ஆரம்பித்துவிட்டார். விட்ட இடத்துக்குத் திரும்பிப் போகவில்லை.

பூசைக்குப் பின் படியடியில் எங்களை நிறுத்தினார்.

“ஞானம், அந்தப் பாட்டு அந்த இடத்துல வராதே?”

“தப்பாப் போச்சு சாமி” என்றாள் ஞானம். வீங்கிய இடது கையைப் பட்டு ரவிக்கையோடு தூக்கிக் காட்டினாள். அந்தக் கை அவ்வளவு உயரம் எழும்பியது அன்றுதான். “கை சரியில்ல.”

அவர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். என்னிடம் திரும்பி, “அடுத்த வாரம் அந்தப் பெட்டியைக் கொஞ்சம் திருப்பி வைங்க. ரெண்டு பேரும் பக்கவாட்டுல இருக்கலாம்” என்றார். கருத்து கிறிஸ்துமஸோடு முடிந்தது. மறு ஞாயிறு பெயர் வரவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று மதியம் அக்கா வீட்டில் ஞானம் சோறு சாப்பிட்டாள். கோழிக்குழம்பு ஊற்றி, இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நான் அக்காவோடு பேசவில்லை. ஆனால் அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டேன்.

பொங்கலுக்குள் கரண்ட் முடிந்தது. தோல் மெல்ல ஆறியது, புல் கருகின மண் மாதிரி ஒரு நிறத்தில். கை வீக்கம் கடைசிவரை போகவில்லை. தலையணை வைத்து உயர்த்திப் படுப்பது, அந்தக் கையில் வெட்டுக்காயம் படாமல் பார்த்துக்கொள்வது, ஊசி போட விடாதது: இவற்றை நீங்களும் செய்யுங்கள். ஞானம் பல கிறிஸ்துமஸ்களுக்கு வாசித்தாள். நான் துருத்தி அமுக்கினேன். கால் ஹார்மோனியம் வரவில்லை. எங்களுக்கு வருடம் என்பது கிறிஸ்துமஸிலிருந்து கிறிஸ்துமஸ் வரைக்கும் என்று ஆகிவிட்டது. நடுவில் உள்ள மாதங்களை அடுத்த பாட்டுக்குப் பழகும் காலமாகவே வைத்துக்கொண்டோம்.

பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறத் தொடங்கிய சமயத்தில் அவளுக்கு முதுகு வலி வந்தது. நோய் எலும்புக்குப் போயிருந்தது. அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் இந்தத் தடவை அவளிடமே சொன்னார். வலிக்கு ஊசி மட்டும். அக்கா எங்கள் வீட்டுக்கே வந்து தங்கிவிட்டாள். ஒரு நாள் ஞானம் அவளைக் கூப்பிட்டாள்.

“அக்கா, இப்ப குடு கருத்த.”

அக்கா மாட்டேன் என்று அழுதாள். நானும் சத்தம் போட்டேன்.

“அன்னிக்கி அது பொய். இன்னிக்கி நெசம்” என்றாள் ஞானம். “நெசத்துக்கு நான் குறுக்க வாசிக்க மாட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை அவளே என்னைக் கோயிலுக்கு அனுப்பினாள். நான் மச்சுக்கு ஏறவில்லை. கீழே ஆண்கள் பக்கம் கடைசியில் உட்கார்ந்தேன். மேலே காலேஜ் தம்பி வாசித்தான். இப்போது அவன் வாத்தியார், வேறு பெட்டி. கல்யாண ஓலை, இறந்தவர்கள், நோயாளிகள்.

“அவஸ்தையில் இருக்கும் ஸ்ரீரங்கம் ஞானம்மாளுக்கு...”

என் வலது கை முழங்காலிலிருந்து எழுந்து முன்னால் போனது. நான் அனுப்பவில்லை. காற்றில் துருத்தியைத் தேடி, கிடைக்காமல், ஒரு தடவை அமுக்கியது. பக்கத்திலிருந்தவர் என்னைப் பார்த்தார்.

பாட்டு வரவில்லை. உபதேசியார் அவள் பெயரை முழுதாக வாசித்து முடித்தார்.